அக்கா கட்டிய ஸ்பிண்டில்

என் அக்காவுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் வேலை. இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். கோபப்பட மாட்டாள். "நீ ஒரு நாள் வந்து உட்கார்ந்து பாரு" என்பாள். ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். காலை டீ வருவதற்குள் எனக்குக் கால் நமநமவென்று ஆகி, வேனைத் துடைக்கிற சாக்கில் எழுந்து வந்துவிட்டேன். இத்தனைக்கும் வேன் அன்று சுத்தமாகத்தான் இருந்தது.

அவள் வேலை பார்ப்பது ஒரு ஸ்பிண்டில் பட்டறையில். உலோகத்தைக் கடையும் லேத் மெஷினின் தலைக்குள் சுழலும் தடித்த இரும்புத் தண்டுதான் ஸ்பிண்டில். அதைத் தாங்கிப் பிடித்திருப்பது பேரிங். உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு உருளைகள் வரிசையாக. இந்த உருளைகள் மகா ரோஷக்காரர்கள். வேகம் கூடினால் சூடேறும். சூடு எல்லை மீறினால் இரும்பு நீலம் பாய்ந்து, மெஷின் ஓவென்று அலறி நின்றுவிடும். பிறகு அந்த ஸ்பிண்டில், பட்டறைக்காக நான் ஓட்டும் வேனில் ஏறி வரும். பட்டறையில் அதைப் பிரித்து, புதிய பேரிங் போட்டுத் திரும்பக் கட்டுவார்கள். கட்டுவதும் அக்காதான், கட்டியதை ஓட்டிப் பார்ப்பதும் அக்காதான்.

ஓட்டிப் பார்ப்பது என்று நாம் சொல்கிறோம். அவள் "பழக்கறது" என்பாள். புதிதாகக் கட்டிய ஸ்பிண்டிலை எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் விட்டால் பேரிங் மிரண்டுவிடுமாம். முதலில் மெதுவாகச் சுற்றவிட வேண்டும். நிறுத்தி ஆறவிட வேண்டும். பிறகு கொஞ்சம் கூடுதல் வேகம், மறுபடி ஆறுதல். ஒவ்வொரு தடவையும் சூடு ஏறும். மீட்டரில் முள் போகிற போக்கைப் பார்த்தால் நாம் ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிடுவோம். அவள் அசைய மாட்டாள். உள்ளே இருக்கும் கிரீஸை உருளைகள் தள்ளித் தள்ளி ஓரம் கட்டும்வரை சூடு ஏறத்தான் செய்யும், ஓரம் கட்டியதும் தானாக இறங்கும் என்பாள். இறங்கும்வரை கை வைக்கக் கூடாது. நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஸ்பிண்டில் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். புதிதாக வருகிறவர்கள் அவள் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போவார்கள்.

பட்டறையில் அவளுக்கு 'மெதுவாக்கா' என்று பெயர். சின்ன வயதிலேயே அவள் அப்படித்தான். அடுப்பில் பால் வைத்தால் அம்மா அவளைத்தான் பக்கத்தில் நிறுத்துவாள். என்னை ஒரே ஒரு தடவை நிறுத்திப் பார்த்தாள். அதன் பிறகு என்னைக் கடைக்கு அனுப்புவதோடு சரி. பட்டறையில் அக்கா சேர்ந்தது பழைய பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவுகிற வேலைக்கு. சோதனை அறையில் இருந்தவர் வேறு இடத்துக்குப் போனபோது, அந்த நாற்காலியில் யாராலும் அரை நாள் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இவளை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

அந்த அறை பெரிதாக ஒன்றுமில்லை. பெயிண்ட் ஒட்டித் திறக்க முடியாமல் போன ஒரு ஜன்னல், ரப்பர் கட்டைகள் மேல் இறுக்கி வைத்த இரும்பு மேடை, ஒரு மோட்டார், இரண்டு மீட்டர், பழைய போர்வையை மடித்துத் தைத்த மெத்தையோடு ஒரு நாற்காலி. அலமாரியில் மாட்டு டாக்டர் வைத்திருப்பது மாதிரி ஒரு பெரிய சிரிஞ்ச். அதில்தான் கிரீஸை அளந்து போடுவாள். பேரிங்கின் காலி இடத்தில் கால்வாசி நிரம்பினால் அதிகம். "இவ்வளவுதானா? பிச்சை போடற மாதிரி இருக்கே" என்று கேட்டிருக்கிறேன். "வேகமா ஓடறதுக்கு இதுவே தாராளம்" என்றாள். கிரீஸ் வெண்ணெய் நிறத்தில் இருக்கும். வேகமாக ஓடும் பேரிங்குக்கென்றே தனியாக வாங்குவது.

அத்தானை அவளுக்குப் பிடித்துப்போனதும் இந்த அறையில்தான். அவர் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர். தண்ணீர்க் குழாய்க்கான பித்தளை வால்வுகளைக் கடைந்து தள்ளும் இடம் அது. ஒருமுறை அவசரமாக ஒரு ஸ்பிண்டில் வேண்டுமென்று அவரையே அனுப்பியிருந்தார்கள். இன்னும் பழக்கி முடியவில்லை, காத்திருங்கள் என்று அக்கா சொல்லிவிட்டாள். வருகிறவர்கள் எல்லாம் இந்த இடத்தில் குதிப்பார்கள். இவர் தோளில் கிடந்த துணியை எடுத்து ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மாலை வரை உட்கார்ந்திருந்தார். நடுவில் சும்மா இருக்கவில்லை என்பது வேறு விஷயம். அறையில் இருந்த ஒவ்வொரு பொருளையும் எடுத்துத் துடைத்து வைத்தாராம். மீட்டர் கண்ணாடியை அவர் துடைத்த பிறகுதான் முள்ளின் நிறம் சிவப்பு என்று தெரிந்ததாக அக்கா சொல்வாள்.

அத்தானின் கை அப்படி. எதையாவது துடைத்துக்கொண்டோ, திருகிக்கொண்டோ, எண்ணெய் விட்டுக்கொண்டோ இருக்கும். தொழிற்சாலையில் அவருக்குத் 'துணிக்காரர்' என்று பெயர். அவர்கள் வீட்டில் ஒரு கதவு கூடச் சத்தம் போடாது. மாடியில் குடியிருக்கும் எனக்கு அதனால் ஒரு தொல்லை, அவர்கள் வீட்டில் இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாது. மற்றபடி இருவருக்கும் வாய் அதிர்ந்து ஒரு சண்டை நடந்து நான் கேட்டதில்லை. இப்படி ஒரு குடும்பத்தில் என்னை மாதிரி மூக்கின் மேல் கோபம் வைத்திருப்பவன் எப்படிப் பிறந்தேன் என்று எனக்கே ஆச்சரியம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அத்தானின் தொழிற்சாலை ஒரு புதிய வேகமான லேத் வாங்கியது. அதை அத்தானிடம் கொடுத்தார்கள். அதற்கு மட்டும் ஒரே மாதிரி இரண்டு ஸ்பிண்டில். ஒன்று மெஷினில் ஓடும், மற்றது எங்கள் பட்டறையில் தயாராக இருக்கும். கொண்டுபோவதும் கொண்டுவருவதும் நான். ஒரு முனையில் அக்கா கட்டுகிறாள், மறுமுனையில் அத்தான் ஓட்டுகிறார், நடுவில் நான். குடும்பத் தொழில் என்று கிண்டல் செய்துகொண்டிருந்தோம். அந்தக் கிண்டல் அதிக நாள் நீடிக்கவில்லை.

அந்த லேத்துக்கு அக்கா கட்டிய முதல் ஸ்பிண்டில் எரிந்து திரும்பி வந்தது. பேரிங் நீலம் பாய்ந்து, கிரீஸ் கரிக்கட்டையாகக் காய்ந்து, எதனால் என்று கண்டுபிடிக்க முடியாதபடி கிடந்தது. பேரிங்கே மட்டமானது என்று சொல்லிப் பட்டறை முதலாளி வேறு இடத்தில் வாங்கினார். இரண்டாவதும் அதே மாதிரி வந்தது. வேறு எந்தத் தொழிற்சாலைக்குப் போனதும் திரும்பி வரவில்லை, இங்கே போனது மட்டும் வந்தது. முதலாளி கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருடைய மருமகன் புதிதாகப் பட்டறைக்குள் வந்திருந்தார். ஒரு நாள் முழுக்கப் பழக்குவது வீண், அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து அனுப்பலாம் என்று அவர் ஓதிக்கொண்டே இருந்தார். இத்தனை மெனக்கெட்டும் எரிகிறதே என்றால் முதலாளியால் என்ன பதில் சொல்ல முடியும்? அக்காவைக் கூப்பிட்டு, "இன்னொண்ணு திரும்பி வந்தா நீங்க பேக்கிங் பக்கம் போயிடுங்கம்மா. எனக்கு வேற வழி தெரியல" என்றார்.

பேக்கிங் என்றால் பட்டறையின் பின்பக்கத்தில் மரப்பெட்டிக்கு ஆணி அடிக்கிற வேலை. அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அக்காவின் காதுக்கும் பொறுமைக்கும் அங்கே என்ன வேலை? அன்று அவள் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது வழி முழுக்கத் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். இதை அத்தானிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. தன் மெஷினில் எரிந்ததால்தான் இப்படி ஆனது என்று அவர் மனசு கஷ்டப்படுவாராம். அத்தானும் லேசுப்பட்டவர் இல்லை. எரிந்ததைப் பற்றி வீட்டில் மூச்சு விடமாட்டார். அவள் கட்டியது எரிந்தது என்று எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தயக்கம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பொத்திப் பொத்திக் காப்பாற்றியதில், ஐந்து நிமிஷம் பேசினால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் மாதக்கணக்கில் இழுத்தது.

மூன்றாவதும் வந்தது. ஆனால் இந்தத் தடவை எரியவில்லை. சூடு ஏறுவதைக் கையால் தொட்டே தெரிந்துகொண்டு அத்தான் மெஷினை நிறுத்திவிட்டாராம். சூப்பர்வைசர் வந்து இன்னும் கொஞ்சம் ஓட்டலாம் என்றபோதும் மாட்டேன் என்று சாதித்துவிட்டாராம். முதலாளி அப்போது வெளியூர் போயிருந்தார். அக்கா அதை மேஜை மேல் ஏற்றிப் பிரித்தாள். நான் இறக்கிவைத்த களைப்பில் பக்கத்தில் நின்றிருந்தேன்.

மூடியைத் திறந்ததும் கிரீஸ் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. உள்ளே ஒரு எறும்பு நுழைய இடமில்லை. உருளைகள் எல்லாம் சேற்றில் மாட்டிய வண்டிச் சக்கரம் மாதிரி புதைந்து கிடந்தன. அக்கா விரலால் கொஞ்சம் வழித்து வெளிச்சத்தில் காட்டினாள். அதில் இரண்டு நிறம் இருந்தது. அடியில் கோடு கோடாக வெண்ணெய் நிறம், மேலே முழுக்கச் செம்பழுப்பு. செம்பழுப்புக் கிரீஸ் எங்கள் பட்டறையில் கிடையாது.

எனக்கே புரிந்துவிட்டது. யாரோ வெளியிலிருந்து கிரீஸ் ஏற்றியிருக்கிறார்கள். ஸ்பிண்டில் உறையின் மேல் நிப்பிள் என்று ஒரு சின்ன இரும்புக் காம்பு இருக்கும். கிரீஸ் கன்னின் மூக்கை அதில் வைத்து அழுத்தினால் கிரீஸ் உள்ளே போகும். பழைய வழக்கத்துக்கு வைத்தது. புதிதாகக் கட்டியதில் நெடுநாளைக்கு அதைத் தொட வேண்டியதே இல்லை. மற்ற தொழிற்சாலைகளில் யாரும் அதைச் சீண்டுவதில்லை, அவர்களுடைய சோம்பேறித்தனத்தால் அந்த ஸ்பிண்டில்கள் பிழைத்துக்கொண்டன. இங்கே யாரோ தொட்டிருக்கிறார். அந்த மெஷினில் நிற்பவர் ஒரே ஒரு ஆள்தான்.

முதலாளிக்கு உடனே போன் போடச் சொன்னேன். மூன்று தடவையும் தப்பு அங்கேதான், உன் மேல் ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமே. அக்கா அந்தப் பேரிங்கை ஒரு சுத்தமான துணியில் சுற்றித் தன் பைக்குள் வைத்தாள்.

"சொன்னா அவரை அந்த மெஷின்ல விட்டு வைப்பாங்களா?" என்றாள்.

"சொல்லலைன்னா நீ ஆணி அடிக்கப் போகணும்."

"தெரியும். நாளைக்கு அடுத்த ஸ்பிண்டில் போகுதுல்ல? நானும் வரேன். அவர் என்ன பண்றார்னு என் கண்ணால பாக்கணும். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காத."

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் கீழே போகாமல் மாடியிலேயே இருந்துவிட்டேன். அத்தான் படியேறி வந்து, உடம்பு சரியில்லையா மாப்ள என்று கேட்டுவிட்டு, என் அறைக் கதவின் கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அக்கா முதல்முறையாக அந்தத் தொழிற்சாலைக்குள் கால் வைத்தாள். அவள் கட்டியதுதான் அங்கே போய்வந்துகொண்டிருந்தது, அவள் போனதில்லை. பித்தளைச் சீவல் தரையெல்லாம் பொன் நிறத்தில் சுருண்டு கிடந்தது. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, துடைத்து, அவளை உட்காரவைத்தார். பக்கத்து மெஷின்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். 'இவங்கதான் இதைக் கட்டறவங்க' என்று அவர் எல்லோரிடமும் சொன்னதில் எனக்கே கூச்சமாகிவிட்டது.

புதிய ஸ்பிண்டிலை மாட்டினார்கள். மெஷினைப் போடுவதற்கு முன்னால் அத்தான் தன் பெட்டியைத் திறந்தார். தோளில் கிடக்கும் துணியை விட்டுவிட்டு, மடித்து வைத்திருந்த வேறொரு வெள்ளைத் துணியை எடுத்தார். ஸ்பிண்டில் உறையை முன்னும் பின்னும் துடைத்தார். நிப்பிளைத் தனியாக, பூப்போலத் துடைத்தார். பிறகு கிரீஸ் கன்னை எடுத்து அதன் மூக்கை நிப்பிளில் பொருத்தினார்.

"ஏங்க, அழுத்தாதீங்க" என்றாள் அக்கா.

அத்தான் திரும்பிப் பார்த்தார். அவள் எழுந்து பக்கத்தில் போனாள். எல்லா மெஷினுக்கும் இப்படித்தான் தினமும் போடுவீர்களா என்று கேட்டாள். அதற்கெல்லாம் தனி ஆள் இருக்கிறார், வாரத்துக்கு ஒரு தடவை வருவார், அவர் பாடு அது என்றார் அத்தான். இதற்கு மட்டும் அவரை விடுவதில்லை, தானே பார்த்துக்கொள்கிறாராம். காலையில் வந்ததும் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை. கொஞ்சம் சூடானால் கூட ஒரு அழுத்து.

"இதுக்கு மட்டும் ஏங்க?"

இதையெல்லாம் ஒரு கேள்வி என்று கேட்கிறாளே என்பது போல அவளைப் பார்த்தார்.

"இது நீ கட்டுனதாச்சே" என்றார்.

அவரைப் பிடித்து உலுக்குவதற்காக நான் ராத்திரி முழுக்க வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். எல்லாம் போன இடம் தெரியவில்லை. அக்கா கீழே குனிந்து பையின் வாரைச் சரிசெய்வது போல ஏதோ செய்தாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. பையிலிருந்து அந்தப் பேரிங்கை எடுத்து மெஷின் மேல் வைத்துத் துணியை விலக்கினாள்.

அத்தான் கைதேர்ந்த ஆள். அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வெண்ணெய் நிறத்தையும் பழுப்பு நிறத்தையும் பார்த்தார். கையிலிருந்த கன்னின் நுனியில் துளிர்த்திருந்த பழுப்பைப் பார்த்தார். கன்னை மெல்லக் கீழே வைத்தார்.

"பத்தாமத்தான் சூடாகுதுன்னு நெனச்சேன்" என்றார்.

"கூடிப்போய்தாங்க சூடாச்சு." அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. உருளை ஓடுவதற்கு மெல்லிசாக ஒரு பூச்சு இருந்தால் போதும், நிறைய இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் அதைப் பிளந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது, அந்த உழைப்பெல்லாம் சூடாக மாறுகிறது, சூட்டில் கிரீஸ் உருகி ஓடிவிட்டால் இரும்போடு இரும்பு உரசுகிறது என்று சொன்னாள். சூடு ஏற ஏற அவர் மேலும் போட்டார், போடப் போட மேலும் ஏறியது. பெட்டியின் மேல், கிரீஸ் போட வேண்டாம் என்று தாள் ஒட்டியதாகவும் சொன்னாள். பெட்டியை ஸ்டோரிலேயே உடைத்துவிடுவார்கள், அத்தான் கைக்கு வருவது ஸ்பிண்டில் மட்டும்தான். "வீட்டுல உங்ககிட்ட ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கணும்" என்றாள்.

"அப்ப மூணையும் கெடுத்தது நான்தானா?"

இங்கேதான் என் வாய் என்னை மீறியது. இதனால் அக்காவைச் சோதனை அறையை விட்டு எடுத்து ஆணி அடிக்க அனுப்பப் போகிறார்கள் என்று போட்டு உடைத்துவிட்டேன். அக்கா என்னை முறைத்தாள். அத்தான் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த நாற்காலி அவளுக்கு என்ன என்பது எங்கள் எல்லோரையும் விட அவருக்குத் தெரியும், அதன் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அல்லவா.

துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு அந்தப் பேரிங்கைத் தூக்கிக்கொண்டு சூப்பர்வைசரின் கண்ணாடி அறையைப் பார்த்து நடந்தார். அக்கா பின்னாலேயே போய், கொஞ்சம் யோசித்துச் செய்யலாம் என்றாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் பேரிங்கை மேஜை மேல் வைத்துக் கையால் கிரீஸ் கன்னை அழுத்துவது போலக் காட்டினார். சூப்பர்வைசர் தலையில் கை வைத்தார். எழுந்தார், உட்கார்ந்தார், பிறகு போனை எடுத்தார். எங்கள் முதலாளியிடம் பேசுகிறார் என்பது அத்தான் அக்காவைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்ததில் தெரிந்தது.

வெளியே வந்த சூப்பர்வைசர் கத்தவில்லை. இந்தப் புதியதாவது ஒழுங்காக ஓடுமா என்று மட்டும் அக்காவிடம் கேட்டார். பட்டறையில் பழக்கியதுதான், இங்கே இன்னொரு தடவை எல்லோர் கண் முன்னாலும் ஓட்டிக் காட்டுகிறேன் என்று அவள் சொன்னாள். கிரீஸ் கன்னை எடுத்து என்னிடம் கொடுத்து, யார் கேட்டாலும் தராதே என்றாள். பட்டறையிலிருந்து கொண்டுவந்த சூட்டு மீட்டரை ஸ்பிண்டிலில் பொருத்திவிட்டு, ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக்கொண்டு, கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

மெஷின் சுற்ற ஆரம்பித்தது. வேகத்தைக் கூட்டினார்கள். முள் ஏறியது. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பதும் முள்ளைப் பார்ப்பதுமாக இருந்தார். அத்தான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கையைப் பின்னால் கட்டினார், அவிழ்த்தார், துணியை முறுக்கினார். முள் இன்னும் ஏறியபோது என் பக்கம் திரும்பி என் கையிலிருந்த கன்னைப் பார்த்தார். நான் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். நிறுத்தலாமா என்றார் சூப்பர்வைசர். அக்கா ஸ்க்ரூடிரைவர் பிடியைக் காதிலிருந்து எடுக்காமலே, இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டினாள். எனக்கே வேர்த்துவிட்டது. முள் ஒரு இடத்தில் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு, யாரும் எதுவும் செய்யாமலே, இறங்க ஆரம்பித்தது.

"இறங்குது" என்றார் அத்தான். தன் மெஷினில் அவர் அதை இதுவரை ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. இறங்குகிற வரைக்கும் அவர் கை சும்மா இருந்ததே இல்லையே.

அக்கா பையில் ஒரு சின்ன மூடித் திருகு கொண்டுவந்திருந்தாள். நிப்பிளைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையை அடைப்பதற்கு. அவளே மாட்டியிருக்கலாம். அத்தானிடம் கொடுத்தாள். மெஷினை நிறுத்தி அவர் அதை மாட்டி இறுக்கினார். அந்த மெஷினில் அவர் செய்த கடைசி வேலை அதுதான். மறுநாளே அவரை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். பின்பக்கக் கொட்டகையில் பித்தளைக் கம்பிகளைத் துண்டு போடும் பழைய ரம்பம் ஒன்று உண்டு. ஆடி அசைந்து ஓடும். அதில் போட்டார்கள். வேலையை விட்டே அனுப்பாததற்கு, அவரே வந்து சொன்னதுதான் காரணம் என்று சூப்பர்வைசர் என்னிடம் சொன்னார்.

எங்கள் முதலாளி ஊரிலிருந்து வந்ததும் அக்காவைக் கூப்பிட்டார். மருமகனை வைத்துக்கொண்டே, இனி எல்லா வேக ஸ்பிண்டிலும் நிப்பிள் இல்லாமல் மூடித் திருகோடு போகட்டும் என்றார். பேக்கிங் பேச்சை எடுக்கவே இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரமே, திறக்காத ஜன்னலைப் பெயர்த்து எடுத்துப் புதிதாக ஒன்று வைத்துக் கொடுத்தார். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை, என்னை யார் கேட்டார்கள்.

அத்தான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சாப்பாட்டு வேளையில் அந்த லேத் பக்கம் போய் நிற்பார் என்று அங்கே சொன்னார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்பாராம். தொடமாட்டாராம். புதிதாக அதில் நிற்பவன் ஸ்பிண்டிலைத் துடைப்பது கூட இல்லை. அது பாட்டுக்கு ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் அத்தான் கொஞ்சம் அமைதியாகிவிட்டார். மாடிப்படிக் கதவு ஒரு நாள் கிறீச்சிட்டது. எனக்கு அன்றுதான் உண்மையிலேயே பயம் வந்தது.

சில மாதம் கழித்து ரம்பத்தின் பேரிங்கும் தேய்ந்துபோனது. அந்த மாதிரி மெதுவாக ஓடுகிறதைத் தெருமுனை மெக்கானிக்கே மாற்றிவிடுவார். சூப்பர்வைசரிடம் கேட்டு அத்தான் அதை உறையோடு கழற்றி என் வேனில் ஏற்றினார். "அக்காகிட்ட குடு மாப்ள" என்றார்.

பட்டறையில் அதைப் பார்த்ததும் மற்றவர்கள் சிரித்தார்கள். சோதனை அறைக்குள் வர வேண்டிய சாமானா அது. அக்கா உள்ளே கொண்டுவரச் சொல்லி, கழுவி, புதிய பேரிங் போட்டாள். சிரிஞ்சை எடுக்கவில்லை. கிரீஸ் டப்பாவைத் திறந்து கையாலேயே அள்ளி முழுக்க அடைத்தாள். நான் வாயைப் பிளந்தேன். மெதுவாக ஓடுகிறதுக்கு எவ்வளவு இருந்தாலும் தாங்கும், மீந்ததை அதுவே பக்கவாட்டில் தள்ளிவிடும், தூசியும் உள்ளே போகாது என்றாள். பிறகு உறையின் மேல் ஒரு ஓட்டை போட ஆரம்பித்தாள். பழைய உறையில் அந்த ஓட்டை கிடையாது.

"இது எதுக்கு?" என்றேன்.

ஓட்டை போட்டு முடித்து, அலமாரியின் கீழ்த்தட்டைத் துழாவி, ஒரு நிப்பிளை எடுத்துவந்தாள். பளபளவென்று புதியது, அங்கே இருந்ததிலேயே பெரியது. லேத்திலிருந்து கழற்றியதை விடப் பெரியது. அதை மாட்டித் திருகினாள்.

"தினமும் போடட்டும்" என்றாள். "அவர் கை சும்மா இருக்காது."

அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொட்டகையில் இறக்கினேன். அத்தான் உறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நிப்பிள் கண்ணில் பட்டதும் அதை விரலால் ஒரு தடவை தொட்டார். பிறகு தன் பெட்டியைத் திறந்து, அடியில் மடித்து வைத்திருந்த அந்த வெள்ளைத் துணியை எடுத்து அதைத் துடைக்க ஆரம்பித்தார்.